வானலைகளுக்குப் பூட்டுப் போடாத ஆசிரியர்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, அவலூர்பேட்டை)

முன்னுரை

வானொலி என்றதும் நம் நினைவுக்கு வருபவர் இத்தாலி நாட்டு மார்க்கோனி. ஒரு மதிப்பெண் வினாவுக்கு அவர் பெயரை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். ஆனால் மார்க்கோனியின் பெயரை உலகம் அறியுமுன்பே, நம் நாட்டின் கல்கத்தா நகரில் ஒரு கல்லூரி ஆசிரியர், கம்பி எதுவும் இல்லாமல் மின்காந்த அலையை அனுப்பி, சுவர்களுக்கு அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். அவர்தாம் அறிவியல் மேதை ஜகதீச சந்திர போஸ்.

இன்று வானொலி இரு கிளைகளாகப் பிரிந்து நிற்கிறது. ஒன்று, ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து வான்வழியே வரும் பழைய வானொலி. மற்றொன்று, கைப்பேசியிலும் கணினியிலும் கேட்கும் இணைய வானொலி. இவற்றுள் எது சிறந்தது என்று பட்டிமன்றம் வைத்தால் இரு அணியினரும் மணிக்கணக்கில் பேசுவர். போஸ் அவர்களின் வாழ்க்கையைப் படித்தபோது, அந்தப் பட்டிமன்றத்துக்கு அவருடைய வாழ்விலேயே ஒரு தீர்ப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பிறப்பும் இளமையும்

ஜகதீச சந்திர போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். அவர் பிறந்த பகுதி இன்று வங்காளதேசத்தில் உள்ளது. தந்தை பகவான் சந்திரர் ஆங்கில அரசில் உயர் பதவி வகித்தவர். தாயார் பாமா சுந்தரி, அன்பே உருவானவர்.

அக்காலத்தில் பதவியில் இருந்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரர் அவ்வாறு செய்யவில்லை. தாய்மொழியை முதலில் கற்க வேண்டும், சொந்த மக்களை முதலில் அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே மகனை வங்காள மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். வகுப்பறையில் சிறுவன் ஜகதீசனுக்கு ஒரு பக்கத்தில் தந்தையின் அலுவலகப் பணியாளரான ஓர் இஸ்லாமியரின் மகன். மறு பக்கத்தில் ஒரு மீனவரின் மகன். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் பற்றி அவர்கள் சொன்ன கதைகளை ஜகதீசன் வாய் பிளந்து கேட்டான். இயற்கையின் மீது அவனுக்கு ஆர்வம் பிறந்தது அந்தப் பலகையில்தான்.

பள்ளி விட்டதும் மூவரும் ஒன்றாக வீட்டுக்கு வருவர். தாயார் மூவருக்கும் வேற்றுமை பாராமல் உணவளிப்பார். சாதி, சமயக் கட்டுப்பாடுகள் மிகுந்திருந்த அக்காலத்தில் அது எளிய செயல் அன்று. எல்லாருக்கும் ஒரே பந்தி என்ற அந்தப் பாடம், பின்னாளில் அவருடைய அறிவியல் வாழ்விலும் தொடர்ந்தது என்பதைப் போகப் போகக் காண்போம்.

வழிகாட்டிய லாஃபோன் அடிகளார்

பின்னர் ஜகதீசர் கல்கத்தாவில் இயேசு சபையினர் நடத்திய புனித சவேரியார் பள்ளியிலும், அதே பெயருள்ள கல்லூரியிலும் பயின்றார். அங்கே அவருக்கு இயற்பியல் கற்பித்தவர் பெல்ஜியம் நாட்டிலிருந்து வந்த யூஜின் லாஃபோன் அடிகளார். கரும்பலகையில் எழுதிப் போடுவதோடு நிற்காமல், ஒவ்வொன்றையும் கருவிகளைக் கொண்டு செய்து காட்டி விளக்குவது அடிகளாரின் வழக்கம். அவருடைய வகுப்பில் அமர்ந்த பிறகே ஜகதீசரின் உள்ளம் இயற்பியலின் பக்கம் திரும்பியது.

லாஃபோன் அடிகளார் 1867-ஆம் ஆண்டு கல்லூரியில் சிறியதொரு வானிலை ஆய்வுக்கூடம் அமைத்து நாள்தோறும் அளவீடுகளைக் குறித்து வந்தார். அந்த அளவீடுகளைக் கொண்டு, பெரும்புயல் ஒன்று வருவதை முன்கூட்டியே உணர்ந்து அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். அதனால் பல உயிர்கள் காப்பாற்றப்பட்டன. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியபோது உறுதுணையாக நின்றவரும் அவரே. நம் தமிழகத்தைச் சேர்ந்த சர் சி.வி. இராமன், நோபல் பரிசு பெற்றுத் தந்த தம் ஆராய்ச்சியை அந்தக் கழகத்தின் கூடத்தில்தான் செய்தார்.

ஒரு நல்லாசிரியர் ஏற்றிய விளக்கு எத்தனை விளக்குகளை ஏற்றியது பாருங்கள்!

ஊதியம் வாங்காத மூன்று ஆண்டுகள்

1880-ஆம் ஆண்டு ஜகதீசர் மருத்துவம் பயில இலண்டன் சென்றார். ஏற்கெனவே அவரைப் பிடித்திருந்த காய்ச்சல் அங்கும் விடவில்லை. மருத்துவப் படிப்பைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அறிவியல் கற்றார். பெரும் விஞ்ஞானியான இராலே பிரபு அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

1885-இல் தாயகம் திரும்பிய போஸ், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். இந்தியருக்கு அறிவியல் கற்பிக்கும் ஆற்றல் இல்லை என்று ஆங்கிலேய அதிகாரிகள் சிலர் எண்ணிய காலம் அது. ஒரே வேலையைச் செய்யும் வெள்ளையருக்குக் கிடைத்ததில் மூன்றில் இரு பங்கே இந்தியருக்கு ஊதியம். தற்காலிகப் பணி என்று சொல்லிப் போஸுக்கு அதிலும் பாதியைக் குறைத்தனர்.

போஸ் சண்டையிடவில்லை; வேலையை விட்டு ஓடவும் இல்லை. ஊதியத்தைத் தொட மறுத்தார். ஒரு நாளல்ல, ஒரு மாதமல்ல, மூன்று ஆண்டுகள்! அத்தனை நாளும் வகுப்பைச் செவ்வனே நடத்தினார். அப்போது அவருடைய தந்தை பெருங்கடனில் மூழ்கியிருந்தார் என்பதையும் நாம் மறக்கலாகாது. இறுதியில் கல்லூரி நிருவாகம் அவருடைய தகுதியையும் உறுதியையும் உணர்ந்து, பணியில் சேர்ந்த நாள் முதல் கணக்கிட்டு முழு ஊதியத்தையும் வழங்கியது. அந்தப் பணம் தந்தையின் கடனை அடைக்கப் பயன்பட்டது.

சென்னைக்கு வந்து படித்த அபலா

இவ்விடத்தில் மற்றொருவரைப் பற்றியும் கூற வேண்டும். அவர் 1887-இல் போஸ் மணந்துகொண்ட அபலா தேவியார். மருத்துவராக வேண்டும் என்பது அபலாவின் கனவு. ஆனால் கல்கத்தா மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நம் சென்னை மருத்துவக் கல்லூரியோ 1875-ஆம் ஆண்டிலேயே பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஆகவே 1882-இல் அபலா, வங்க அரசின் உதவித்தொகை பெற்றுச் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றார். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலாமல் திரும்ப நேர்ந்தது.

தம் கனவு நிறைவேறவில்லையே என்று அவர் மூலையில் அமர்ந்துவிடவில்லை. 1919-ஆம் ஆண்டு பெண்கல்விக்கென ஒரு சங்கத்தை நிறுவி, வங்காளத்துச் சிற்றூர்களில் பெண்களுக்காகப் பள்ளிகளைத் திறந்தார். கைம்பெண்களுக்குக் கல்வியும் தொழிலும் கற்பித்து, அவர்களையே ஆசிரியைகளாக்கினார். இரயிலும் கப்பலும் ஏறிப் போஸ் மேற்கொண்ட நெடும்பயணங்கள் பலவற்றிலும் உடன் சென்றார். சீருடை அணிந்து பள்ளிக்கு வரும் நாம், அபலா தேவியார் போன்றோருக்கும் நன்றிக்கடன் பட்டவர்கள் அல்லவா?

சுவர்களைக் கடந்த மணியோசை

மின்சாரமும் காந்தமும் சேர்ந்து அலையாகப் பரவும் என்று கணக்கிட்டுச் சொன்னவர் ஸ்காட்லாந்து நாட்டு மேக்ஸ்வெல். 1880-களின் இறுதியில் அந்த அலையைச் சோதனையில் உண்டாக்கிக் காட்டியவர் ஜெர்மனி நாட்டு ஹெர்ட்ஸ். ஆனால் ஹெர்ட்ஸ் உண்டாக்கிய அலைகள் மிக நீளமானவை; சிறிய அறையில் வைத்து ஆராய ஏற்றவை அல்ல. அலையைக் குட்டையாக்கினால் ஆராய்ச்சி எளிதாகும் என்று போஸ் எண்ணினார். முயன்று முயன்று 5 மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை உண்டாக்கினார். ஒரு பச்சைப் பட்டாணியின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு அவருக்குக் கிடைத்த ஆய்வுக்கூடம் எது தெரியுமா? கல்லூரியில் குளியலறையை ஒட்டியிருந்த ஒரு சிற்றறை. உதவியாளர்? முறையான பயிற்சி இல்லாத ஒரு தகரக் கொல்லர். இவரைக் கொண்டே நுண்ணிய கருவிகளை எல்லாம் செய்வித்தார். அலைகளை ஒரே திசையில் அதிரச் செய்யும் கருவி வேண்டியிருந்தது. விலைகொடுத்து வாங்கப் பணமில்லை. இரயில்வே கால அட்டவணைப் புத்தகம் ஒன்றை எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் வெள்ளீயத் தகட்டுத் தாளைச் செருகினார். கருவி தயார்! முறுக்கிய சணல் நாரைக் கொண்டும் அலைகளை ஆராய்ந்தார். ஆய்வுக்கூடத்தில் சோதனைக்குழாய் உடைந்தால் செய்முறையே நின்றுவிடும் என்று எண்ணும் நமக்கு இதில் நல்ல படிப்பினை உண்டு.

1895-ஆம் ஆண்டு கல்கத்தா நகர மண்டபத்தில் பெரியோர் பலர் கூடியிருந்தனர். போஸ் ஓர் அறையிலிருந்து அலைகளை அனுப்பினார். அவை சுவர்களையும், இடையில் அமர்ந்திருந்தவரின் உடலையும் கடந்து, ஏறத்தாழ 75 அடி தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன. கம்பி இல்லை, கயிறு இல்லை! கூடியிருந்தோர் வியப்பில் ஆழ்ந்தனர். 1897 ஜனவரியில் இலண்டன் இராயல் நிறுவனத்தில் இந்த ஆராய்ச்சியை விளக்கிப் பேசும் பெருமை போஸுக்குக் கிட்டியது. அதே ஆண்டில் கல்கத்தாவில் தம் மாணவரின் கண்டுபிடிப்பைப் பொதுமக்களுக்குச் செய்து காட்டி மகிழ்ந்தவர், வேறு யார், லாஃபோன் அடிகளாரே!

பூட்டுப் போட மறுத்த அறிவு

1899-ஆம் ஆண்டு போஸ், இரும்பையும் பாதரசத்தையும் கொண்டு, அலைகளை நன்கு உணரும் புதிய கருவி ஒன்றை உருவாக்கி, அதன் அமைப்பை ஒளிவுமறைவின்றி வெளியிட்டார். 1901 டிசம்பர் 12-ஆம் நாள் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பாலிருந்து வந்த செய்திக் குறியைக் கேட்டு உலகப் புகழ் பெற்றார். அன்று அவர் பயன்படுத்திய பாதரசக் கருவியின் மூலம், போஸ் வெளியிட்ட அந்த அமைப்பே என்று 1998-இல் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர்.

இதனால் மார்க்கோனியைக் குறைத்துப் பேசுவது முறையாகாது. கடல் கடந்து செய்தி அனுப்ப வேண்டும் என்று கனவு கண்டு, அதற்கான நிறுவனத்தை நடத்தி, கப்பல்களில் எத்தனையோ உயிர்கள் பிழைக்க வழி செய்தவர் அவர். போஸ் நாடியது செய்தி அனுப்புவதை அன்று. அலையின் இயல்பை அறிவதையே. இருவரும் இரண்டு வழியில் சென்ற பெரியோர். ஒருவர் தம் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெற்றுத் தொழிலாக வளர்த்தார். மற்றவர் தம் அறிவைத் திறந்த வெளியில் வைத்தார்.

1901-இல் போஸ் இலண்டனில் இருந்தபோது, பெரிய தந்தி நிறுவனம் ஒன்றின் உரிமையாளர் அவரை நாடி வந்தார். கண்டுபிடிப்பை வெளியே சொல்லாமல் காப்புரிமை எடுத்துக்கொள்ளுமாறும், இலாபத்தில் பங்கு தருவதாகவும் வற்புறுத்தினார். போஸ் மறுத்துவிட்டார். பணத்தாசை என்னும் சுழலில் ஒருமுறை கால் வைத்தால் மீள வழியில்லை என்ற அச்சத்தைத் தம் நண்பர் கவி இரவீந்திரநாத் தாகூருக்கு எழுதிய கடிதத்தில் வெளியிட்டார்.

நண்பர்கள் விடவில்லை. சகோதரி நிவேதிதையும் அமெரிக்க நாட்டு அன்பர் சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதால், கலீனா என்னும் ஈயத் தாதுவைக் கொண்ட கருவிக்கு அமெரிக்காவில் விண்ணப்பம் செய்யப்பட்டது. 1904 மார்ச் 29-இல் காப்புரிமை கிடைத்தது. குறைக்கடத்திக் கருவிக்கு உலகில் வழங்கப்பட்ட முதல் காப்புரிமை அது என்பர். இன்று நம் கையிலுள்ள கைப்பேசியின் உயிர்நாடியே குறைக்கடத்திதான். ஆயினும் போஸ் அந்த உரிமையைக் கொண்டு ஒரு காசும் தேட முயலவில்லை. அது காலாவதியாகும்படி விட்டுவிட்டார்.

செடிகளும் ஒரு புயல் கதையும்

பின்னர் போஸின் கவனம் செடிகொடிகளின் பக்கம் சென்றது. தொட்டாற்சிணுங்கி ஏன் சுருங்குகிறது? செடிக்குக் களைப்பு உண்டா? குளிரும் நஞ்சும் அதை எப்படித் தாக்கும்? செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவியைச் செய்து இவற்றை ஆராய்ந்தார். அவர் கூறிய சிலவற்றை அக்கால அறிஞர் ஏற்றனர், சிலவற்றை எதிர்த்தனர். போஸ் இரண்டுக்கும் கலங்காமல் சோதனைகளைத் தொடர்ந்தார்.

இத்தனை பெரிய விஞ்ஞானிக்கு நகைச்சுவையும் உண்டு. 1896-ஆம் ஆண்டு கூந்தல் தைலம் விற்ற ஒரு நிறுவனம் சிறுகதைப் போட்டி நடத்தியது. கதையில் அந்தத் தைலத்தின் பெயர் வர வேண்டும் என்பது விதி. போஸ் வங்க மொழியில் ஒரு கதை எழுதினார். கல்கத்தாவைத் தாக்க வந்த கடும் புயல் திடீரென மாயமாகிவிடுகிறது. வானிலை அறிஞர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கின்றனர். கப்பலில் சென்ற ஒருவர் ஒரு புட்டித் தைலத்தைக் கடலில் ஊற்றி அலையை அடக்கிவிட்டார் என்பதே மர்மம்! கதைக்குப் பரிசும் கிடைத்தது.

1917 நவம்பர் 30-ஆம் நாள், தம் பிறந்த நாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். அங்கே கண்டறியப்படுவன யாவும் மக்களுக்கே உரியவை. எதற்கும் காப்புரிமை பெறலாகாது என்று வகுத்தார். 1920-இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1937 நவம்பர் 23-ஆம் நாள், 79-ஆம் பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், கிரிடி என்னும் ஊரில் இயற்கை எய்தினார்.

அலை வளர்ந்த கதை

போஸின் கண் முன்னேயே வானொலி பிறந்து வளர்ந்தது. நம் சென்னையில் 1924-ஆம் ஆண்டு சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமின்றி 1927-இல் அது நின்றபோது, ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியிடம் சேர்ந்தது; 1930 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. போஸ் மறைந்து ஏழு மாதம்கூட ஆகாத நேரம் அது.

இணைய வானொலி பிறந்தது பிற்காலத்தில். 1993-இல் அமெரிக்காவில் கார்ல் மலமுட் என்பவர் இணையத்தில் பேச்சு நிகழ்ச்சியை வழங்கினார். 1994 நவம்பரில் அந்நாட்டு வட கரோலினாப் பல்கலைக்கழக மாணவர் வானொலி நிலையம், தன் ஒலிபரப்பை அப்படியே இணையத்திலும் கேட்கச் செய்தது.

இரண்டுக்கும் வேறுபாடு என்ன? பழைய வானொலி ஆலய மணி போன்றது. ஒரு முறை அடித்தால் ஊர் முழுவதும் கேட்கும். பத்துப் பேர் கேட்டாலும் பத்து இலட்சம் பேர் கேட்டாலும் மணிக்குச் செலவு ஒன்றே. யார் கேட்டார், யார் கேட்கவில்லை என்று மணி கணக்கெடுப்பதில்லை. இணைய வானொலியோ தபால்காரர் போன்றது. ஒலியை எண்களாக்கிச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கொண்டுபோய்க் கொடுக்கிறது. ஆகவே கேட்பவர் பெருகப் பெருக நிலையத்துக்குச் செலவும் பெருகும். வீடு தேடி வர முகவரி வேண்டுமல்லவா? அதனால் எந்தக் கருவி, எவ்வளவு நேரம் கேட்டது என்பதும் அங்கே பதிவாகும்.

ஆனால் தபால்காரர் செல்லும் தொலைவுக்கு மணியோசை செல்லாது. பண்பலை வானொலியின் அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. நம் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரி போன்ற குன்றுகள் குறுக்கே நின்றால், அப்பால் உள்ள ஊருக்கு ஒலி மங்கிவிடும். இணையத்துக்குக் குன்றும் இல்லை, கடலும் இல்லை. கனடாவில் இருக்கும் தமிழ்ப் பிள்ளை சென்னை வானொலியைக் கேட்கலாம். அகில இந்திய வானொலியின் இருநூறுக்கும் மேற்பட்ட சேவைகளை இன்று ஒரே கைப்பேசிச் செயலியில் கேட்க முடிகிறது. தவறவிட்ட நிகழ்ச்சியை மறுநாள் கேட்கும் வசதியும் பல நிலையங்களில் உண்டு. கோபுரம் கட்டப் பணமில்லாத சிறு குழுவினரும் தம் குரலை உலகுக்கு அனுப்பலாம்.

இதனால் பல நிலையங்கள் சிற்றலையை விட்டு இணையத்துக்குச் சென்றன. 1941-இல் பிறந்த பி.பி.சி. தமிழோசை, 2017 ஏப்ரல் 30-உடன் சிற்றலையில் ஓய்ந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவிலிருந்து ஆசிய மொழிகளில் ஒலித்துவந்த, நம் கத்தோலிக்க இல்லங்கள் பலவற்றுக்குப் பழக்கமான வெரித்தாஸ் வானொலி, 2018 ஜூன் 30-உடன் சிற்றலையை நிறுத்தி முழுவதும் இணையத்துக்கு மாறியது. புதிய நேயர் பலர் கிடைத்தனர், உண்மைதான். ஆனால் கைப்பேசி வாங்க இயலாத, இயக்கத் தெரியாத பாட்டிமார்களுக்கு அன்றோடு அந்தக் குரல் நின்றுபோனது. அவர்களும் நேயர்கள்தாமே?

வியப்பான செய்தி ஒன்று. இணைய வானொலியும் கடைசியில் அலையாகத்தான் நம் கைக்கு வந்து சேர்கிறது. கடலடிக் கம்பியிலும் நிலத்தடிக் கம்பியிலும் ஓடி வரும் ஒலி, கோபுரத்திலிருந்து கைப்பேசிக்குத் தாவும்போது கம்பி ஏது? ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிச் சேவைக்கென 2022-இல் நம் நாட்டில் ஏலம் விடப்பட்ட அலைவரிசைகளுள், மில்லிமீட்டர் அலை என்னும் வகையும் ஒன்று. குளியலறையை ஒட்டிய சிற்றறையில் போஸ் வளர்த்த அலைகளின் குடும்பம் அது! அப்படியானால் பழைய வானொலியும் இணைய வானொலியும் பகைவர் அல்லர். ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள்.

நம் மாவட்டத்தின் நவம்பர் 30

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாளை நாம் யாரும் மறக்க மாட்டோம். அன்று மாலை ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. நம் விழுப்புரம் மாவட்டத்தில் மழை கொட்டித் தீர்த்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. ஏரிகள் நிரம்பி வழிந்தன, பயிர்கள் மூழ்கின, திருவண்ணாமலையில் மண் சரிந்து உயிர்கள் பலியாயின. பல ஊர்களில் மின்சாரம் நின்றது.

மின்சாரம் போனதும் எங்கள் தெருவில் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அணையாதவற்றில் இணையம் வரவில்லை. உலகத்து வானொலி எல்லாம் உள்ளங்கையில் இருந்தும் ஒன்றும் பேசவில்லை. அப்போது பேசியது, பக்கத்து வீட்டுப் பாட்டியின் பரணில் கிடந்த பழைய டிரான்சிஸ்டர்தான். சுவர்க் கடிகாரத்திலிருந்த பேட்டரியைக் கழற்றிப் போட்டோம். கரகரவென்ற ஓசைக்கு நடுவே வானிலைச் செய்தி வந்தது. தெருவே அந்தத் திண்ணையில் கூடிவிட்டது. ஏரிக்கரையில் வீடுள்ளவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போவதா, வீட்டிலேயே இருப்பதா என்று முடிவு செய்தது அந்தச் செய்தியைக் கேட்ட பிறகுதான்.

அன்று போஸின் பிறந்த நாள் என்பது இக்கட்டுரைக்காகப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. புயலை முன்னறிந்து சொன்ன லாஃபோன் அடிகளாரின் மாணவர் அவர் என்பதைப் படித்ததும் மெய்சிலிர்த்தது.

முடிவுரை

போஸ் நமக்குச் சொல்லும் தீர்ப்பு என்ன? புதியது என்பதனால் ஒன்று உயர்ந்ததும் அன்று. பழையது என்பதனால் கழிக்கத் தக்கதும் அன்று. யாருக்கு எட்டுகிறது என்பதே கேள்வி. மீனவர் மகனுக்கும் பணியாளர் மகனுக்கும் தம் மகனுக்கும் ஒரே பந்தி வைத்த தாயின் பிள்ளை அவர். அறிவும் அப்படியே எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்று, பணம் தேடி வந்தபோதும் பூட்டுப் போட மறுத்தார்.

ஆகவே தோழியரே, படிப்புக்கும், தொலைவில் உள்ள உறவுகளுக்கும் இணைய வானொலியை நன்கு பயன்படுத்துவோம். ஆனால் கோபுரங்கள் வீண்செலவு, அவற்றை மூடிவிடலாம் என்று யாரேனும் கூறினால், கைப்பேசி இல்லாத வீட்டையும் மின்சாரம் இல்லாத இரவையும் அவர்களுக்கு நினைவூட்டுவோம். பெற்றோரே, பரணிலுள்ள பழைய வானொலியைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். துடைத்து வையுங்கள், இரண்டு பேட்டரிகளையும் அருகில் வையுங்கள். அடுத்த மழைக்காலத்தில் அது நமக்கு மட்டுமன்றி, நம் தெருவுக்கே பேசும்.